மீதி

பழைய சோனகத் தெருவில்
ஆணியும் பிணைச்சலும் விற்கும் கடையில்
பதினெட்டு வருடமாய்க் கணக்கு எழுதுகிறேன்.
வந்தது இடப்பக்கம், போனது வலப்பக்கம்.
வராமலே போன காசுக்குக்கூட
வாராக்கடன் என்று ஒரு தலைப்பு உண்டு.
வரவிருந்து வராத காய்ச்சலை
எந்தப் பக்கம் எழுதுவது?

மாதத்தின் முதல் வெள்ளி
கல்லாவுக்குப் பக்கத்தில் பிஸ்கட் டின்னை வைப்பேன்.
நாட்டாமி சுமணதாச வியர்வையில் ஒட்டிய நூறு ரூபாயைப்
பிரித்துப் போடுவார்.
மேல்மாடித் தரகர் அலுவலகத்து மிஸ் ஐந்நூறு.
முதலாளி
அன்றைய யாவாரத்தைப் பார்த்துவிட்டு
சில மாதம் ஆயிரம்,
சில மாதம் ஒரு பெருமூச்சு.

கொசுவலை ஒன்று ஆயிரத்து எழுநூறு, கப்பல் கூலியோடு.
இந்தத் தொகை என் கண்ணில் மாட்டிக்கொண்டுவிட்டது.
கோழிக் கொத்து ரொட்டி, அரை வலை.
மச்சாளின் மகளுக்கு எடுத்த சேலை, பதினொரு வலை.
சொன்னால் பைத்தியம் என்பார்கள்,
சொல்வதில்லை.

"நம்மட நாட்டிலதான் மலேரியா இல்லையே அக்கா,"
வங்கியில் படிவம் வாங்கும் பெடியன் சிரித்தான்.
"இங்க டெங்கு. அது பகல்ல கடிக்கிற சாதி.
வலைக்குள்ள இருந்துகொண்டு வேலை பாக்கேலுமே?"
ஏலாதுதான்.
ஆனால் மலேரியா
தானாக எழுந்து போகவில்லை தம்பி.
இதையும் சொல்லவில்லை.
பின்னால் வரிசை நின்றது.

மல்லாவியில் எனக்கு ஒன்பது வயது.
மருந்து லொறி எங்கோ மறிபட்டு நின்ற மாதம்.
உச்சி வெயிலில் குளிர்ந்து நடுங்கியவர்களை
அடுக்கிய சாக்குகளால் மூடினோம்.
யாரோ அனுப்பிய வலை ஒன்று வந்தது.
ஓரத்தில் படிக்கத் தெரியாத ஒரு மொழி.
அதற்குள் அம்மா, நான், தங்கை.
அண்ணனுக்கு மீசை அரும்பியிருந்தது.
எங்களோடு படுக்க வெட்கப்பட்டு
வெளியே படுத்தான்.

அவனைப் பற்றி
இதற்கு மேல் எழுதப் போவதில்லை.

முதலாளியின் தம்பி மகன் இன்ஷாப்
மொசாம்பிக்கில் கல் வாங்கப் போய்
காய்ச்சலோடு வந்தான்.
மூன்றாம் நாள் அரசாங்க ஜீப் ஒழுங்கைக்குள் வந்தது.
வீடு வீடாக, கடை கடையாக
விரல் நுனியில் குத்தினார்கள்.
என் ரத்தமும் கண்ணாடித் தகட்டில் ஒரு பொட்டாய்ப் போனது.
ஒன்றுமில்லை என்று பதில் வந்தது.
ஒரே ஒருத்தனின் காய்ச்சலுக்கு
இத்தனை பேர் அலைந்ததைப் பார்த்து
எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

தேறி வந்து கடையில் குந்தியிருந்தான்.
டின்னைக் கண்டு சிரித்தான்.
"அங்க அந்த வலையப் போட்டு மீன் புடிக்கிறாங்க.
ரெண்டு கண்ணால கண்ட நான்.
தக்காளிக் கண்டுக்கும் கட்டீக்கி."
சுமணதாசவுக்கு யாரோ அதைச் சிங்களத்தில் சொன்னார்கள்.
அந்த மாதம் டின் இலேசாக இருந்தது.

இருக்கும்.
பசித்தால் நானும் மீன் பிடித்திருப்பேன்.
ஒன்று ஆற்றுக்குப் போகட்டும்.
ஒன்றை எலி கடிக்கும்.
ஒன்றை மாமியார் பெட்டிக்குள் பூட்டி வைப்பாள்,
புதுசு பழுதாகுமென்று.
நாலாவது
ஏதோ ஒரு கூரையின் கீழ் தொங்கும்,
மீசை அரும்பிய ஒருவன்
இருட்டும்வரை வெளியே நின்று
யாரும் பார்க்காதபோது
உள்ளே நுழைவான்.
காலையில் எழும்புவான்.
அவ்வளவுதான். அவனுக்கு ஒன்றும் நடக்காது.
நன்றி சொல்லக் காரணம் இராது,
கடிதம் வராது.

தெருவில் டெங்குப் புகை வண்டி போகிறது.
நாட்டாமிகள் சட்டையைத் தூக்கி மூக்கைப் பொத்துகிறார்கள்.
புகை கலையும்வரை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச்
சில்லறையை எண்ணினேன்.

பேரேட்டின் கடைசித் தாளில், பென்சிலால்:
வரவு ஏழாயிரத்து நானூற்றிருபது.
வலை நான்கு.
மீதி அறுநூற்றிருபது
கீழே கொண்டு செல்லப்பட்டது.